ஏழாம் இதழ் இல்லை

முதலாம் இதழ்: மல்லாவி, தொண்ணூற்றேழு ஆவணி.
பதினாறு பக்கம், ரோனியோ, நாற்பது பிரதி.
விலை போடவில்லை. போட்டிருந்தால்
சவர்க்கார விலையோடு ஒப்பிட்டிருப்பார்கள்.
தாள், நிவாரணப் படிவங்களின் பின்பக்கம்.
வெளிச்சத்தில் பிடித்தால்
சண்டைக் காட்சிக்குள்ளே யாரோ ஒரு வீட்டின்
அங்கத்தவர் தொகை தெரியும்.

கதை கேதீஸ்வரன். படம் சொரூபன். எழுத்து நான்:
அவன் விட்டுவைத்த சின்னக் குமிழிக்குள்
இவன் எழுதிய நீளப் பேச்சை அடக்குகிறவள்.

பெயர் முதலில் 'மின்மினிப் படை'.
கூட்டுறவுச் சங்க மனேச்சர் ஸ்டென்சிலைப் பார்த்துவிட்டு
"படை ஏற்கெனவே ரெண்டு இருக்குத் தம்பி,
மூண்டாவதை நான் அடிக்கமாட்டன்" என்றார்.
அப்படித்தான் 'மின்மினிக் கூட்டாளிகள்' ஆனது.
'படை'யை அழித்த இடம்
நாற்பது அட்டையிலும் ஒரே கறை.

நாலு பேர்.
எண்ணெய் இல்லாமல் எரிகிறவள் ஒருத்தி.
தடைமுள்ளுக்கும் தடைமுள்ளுக்கும் நடுவால் போகிற
ஈர்க்கு என்ற பெடியன்.
நின்றால் பாலைமரமாகிவிடுகிற பொன்னன்.
நாலாவது ஆள் இல்லான், கண்ணுக்குத் தெரியாதவன்.
சொரூபனுக்குக் கை வரைய வராது என்பதால் பிறந்தவன்,
மையும் மிச்சம்.
பறக்கிற ஆள் வேண்டாமென்று
முதல் நாளே முடிவெடுத்திருந்தோம்.
அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

இரண்டு, மூன்று: மல்லாவி.
நாலில் பொன்னன் செத்தான்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை மறித்து அழுதார்கள்.
ஐந்தில் எழும்பினான்.
கேதீஸ் சொன்ன விளக்கம்: வேர் இருந்தது.
ஆறு: பாதிப் பிரதி மழையில் ஒட்டிப்போனது.

பிறகு எட்டு. புதுக்குடியிருப்பு.
ஊதா நிறம் முதல் தடவை வருகிறது,
ஆஸ்பத்திரிப் புண்மருந்து, ஒரு போத்தல்,
கேட்காமல் எடுத்தது.
ஆறுக்குப் பிறகு ஏன் எட்டு?
இடம்பெயர்ந்ததில் எண்ணும் இடம்பெயர்ந்தது.
மூன்று பேரும் மற்ற இருவரில் ஒருவர்
ஏழைச் செய்ததாக நினைத்திருந்தோம்.

ஒன்பது, பத்து: பாதை திறந்த காலம், வவுனியா, ஒப்செற்.
கலர் அட்டை, இருபத்தைந்து ரூபா,
பின்னட்டையில் பல்லுப்பசை விளம்பரம்.
இரண்டும்தான் மோசமான இதழ்கள்.
இல்லானுக்கு யாரோ முகம் போட்டுவிட்டார்கள்.

பதினொன்று: தருமபுரம், இரண்டாயிரத்தெட்டு.
கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி.
அதன் பிறகு எதிலும் கேதீசின் பெயர் இல்லை,
எந்தப் பட்டியலிலும்.
சொரூபன் பெர்லினில் சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறான்.
அட்டவணை தயாரிக்கிறவள் நான். வரலாறு இவ்வளவுதான்.

போன கிழமை பரந்தன் சந்தியில் ஏறின ஓட்டோ.
ஓட்டினவர் பெயர் யோகதாஸ், முப்பத்தெட்டு வயதிருக்கும்.
மடியிலிருந்த பழைய அட்டையைக் கண்ணாடியில் கண்டு
"ஏழாவது என்னட்டை இருந்தது, அக்கா" என்றார்.

ஏழு இல்லை என்றேன்.

"இருந்தது. இல்லான் காணாமப் போறது.
கண்ணுக்குத் தெரியாத ஆள் காணாமப் போனா
எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு
மிச்சப் பேர் முழுப் புத்தகமும் சண்டை பிடிப்பினம்."

அது கேதீசின் மூளை. வேறு யாருக்கும் வராது.

எட்டோடு குழப்புகிறீர்கள், என்றேன். ஊதா இருந்ததா?
"இல்லை, கறுப்பு மட்டும்.
'ழ'வின்ரை வால் பக்கத்து எழுத்துக்குக் கீழாலை
நீளமா ஓடும். நான் அதைப் பாத்து எழுதிப் பழகி
ரீச்சரிட்டை அடி வாங்கினனான்."

என் 'ழ' அது.
கைப்பைக்குள் இருந்த அட்டவணையிலும்
அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஞாபகம் இல்லை.
எந்த மரத்தடியில், எந்த விளக்கில்,
எந்த இரண்டு ஊருக்கு நடுவில் எழுதினேன்?

கடைசியில் கண்டுபிடித்தார்களா, என்று கேட்டேன்.

கிளிநொச்சி வந்துவிட்டது. மீற்றரைப் பார்த்தார்.
"கடைசித் தாள் இல்லை அக்கா,
என்ரை கைக்கு வரேக்கையே கிழிஞ்சிருந்தது."